மார்க்கைத் தாண்டிப் பள்ளியில் என்ன கேட்டு வாங்கலாம்? தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோருக்கு

டர்பனில் என் மகள் மூன்றாம் வகுப்பில் சேர்ந்து முதல் டெர்ம் முடிந்ததும், டீச்சரை வந்து பார்க்கச் சொல்லி அழைப்பு வந்தது. ஒரு பெற்றோருக்குப் பத்து நிமிஷம். அதில் எட்டு நிமிஷம் டீச்சர் பேசியது இதைத்தான்: இடைவேளையில் யாரோடு உட்காருகிறாள், பென்சில் தொலைந்தால் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்கிறாளா அல்லது எழுதாமலே இருந்துவிடுகிறாளா, கோபம் வந்தால் என்ன செய்கிறாள். நான் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, சரி, எப்படியும் விஷயத்துக்கு வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. கடைசியில் நானே கேட்டேன்: "மேடம், ரேங்க்?" அவர் ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 7 வரை ஒரு எண். 7 என்றால் 80 விழுக்காடும் அதற்கு மேலும். ரேங்குக்கு ஒரு கட்டமே கிடையாது.

வீட்டுக்கு வந்து கணவரிடம், "ஸ்கூல் நல்லாத்தான் இருக்கு, படிப்பைப் பத்தித்தான் பேச மாட்டேங்கிறாங்க" என்றேன். அந்த எட்டு நிமிஷத்தின் அருமை புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது. பிள்ளையின் உடம்பு, மனசு, பழக்கம், பசி, விளையாட்டு எல்லாவற்றுக்கும் இந்த நாட்டுப் பள்ளிகளில் ஏதோ ஒரு ஏற்பாடு உண்டு. பலவற்றுக்குச் சட்டமே இருக்கிறது. ஆனால் எதுவும் வீடு தேடி வராது. பெயர் சொல்லிக் கேட்டால்தான் கிடைக்கும். பெயர் தெரியாதவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அந்தப் பெயர்களையும், எப்போது யாரிடம் கேட்பது என்பதையும் இங்கே எழுதுகிறேன். எனக்குப் பழக்கம் டர்பன் பக்கத்து அரசுப் பள்ளிகள். தனியார் பள்ளிக்குக் கட்டணமும் நடைமுறையும் வேறு.

முதல் படி: சேர்ப்பதற்கு முன்

இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது, நான்கு டெர்ம். ஊரில் ஜூனில் டி.சி. வாங்கிக்கொண்டு வந்தால் பிள்ளை பாதி ஆண்டில் வந்து இறங்கும். அதனால் எந்த வகுப்பு என்பதில் கொஞ்சம் பேச்சு நடக்கும், நிதானமாகப் பேசுங்கள். ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய 'கிரேட் ஆர்' 2024-இல் கையெழுத்தான திருத்தச் சட்டத்தால் கட்டாயமாகிவிட்டது. கௌதெங் மாகாணத்தில், அதாவது ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம், ஒன்றாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும்.

காகிதங்கள்: பிறப்புச் சான்று, பிள்ளையின் விசா, கடைசி ரிப்போர்ட், டி.சி., தடுப்பூசி அட்டை. இந்தத் தடுப்பூசி அட்டையைத்தான் பலர் ஊரில் அம்மா வீட்டு பீரோவிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். போட்டோவாவது எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம் 'குவின்டைல்' என்ற சொல். அக்கம்பக்கத்தின் வறுமையை வைத்து அரசுப் பள்ளிகளை ஐந்து படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். 1 முதல் 3 வரை கட்டணம் இல்லை. 4, 5 கட்டணம் வாங்கும் பள்ளிகள். கட்டணம் வாங்கும் பள்ளி அந்தப் பணத்தில் கூடுதல் ஆசிரியர், நீச்சல் பயிற்சியாளர், சில இடங்களில் கவுன்சிலர் என்று ஆள் வைத்துக்கொள்ள முடியும். அதனால் பள்ளியைப் பார்க்கப் போகும்போது கட்டிடத்தையும் மைதானத்தையும் பார்த்து மயங்காமல் அலுவலகத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். மனசு சரியில்லாத பிள்ளை யாரிடம் போகும்? தடுமாறும் பிள்ளைகளுக்கான ஆதரவுக் குழுவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? மணி அடித்த பிறகு பிள்ளை எங்கே இருக்கலாம்? பல பள்ளிகளில் முழுநேரக் கவுன்சிலர் கிடையாது, அது பரவாயில்லை. முதல் கேள்விக்குத் தயங்காமல் ஒரு டீச்சரின் பெயரைச் சொன்னால் அது நல்ல பள்ளி. "எங்க ஸ்கூல்ல அந்த மாதிரிப் பிரச்சினையே இல்லீங்க" என்ற பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

இரண்டாவது படி: நடத்தை விதிகளை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

சேர்க்கைப் படிவத்தோடு 'கோட் ஆஃப் காண்டக்ட்' என்று ஒரு தாள்கட்டு தருவார்கள். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அதில்தான் தோடு, வளையல், கையில் கட்டும் கயிறு, பொட்டு, முடி எல்லாம் இருக்கிறது.

இந்த விஷயத்தில் இந்த நாட்டுச் சட்டத்தையே திருப்பியது ஒரு தமிழ்க் குடும்பத்து மூக்குத்தி. 2004-இல் டர்பனில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவி, விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினாள். பள்ளி விதிப்படி காதில் சிறு தோடு தவிர வேறு நகைக்கு அனுமதி இல்லை. அவள் அம்மா பள்ளிக்கு விளக்கம் எழுதினார்: பெண் வயதுக்கு வந்ததும் மூக்குக் குத்துவது எங்கள் தென்னிந்தியக் குடும்ப வழக்கம், பதினாறு வயதில் பாட்டி அந்தத் தங்க மூக்குத்தியை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போடுவார். பள்ளி ஏற்கவில்லை. வழக்கு சமத்துவ நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று ஏறி அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2007 அக்டோபரில் தலைமை நீதிபதி பியூஸ் லங்கா தீர்ப்பு எழுதியபோது அந்தப் பெண் பள்ளியையே முடித்துவிட்டிருந்தாள். தீர்ப்பு அவள் பக்கம். மதம் கட்டாயப்படுத்தாத வழக்கமாக இருந்தாலும், தானாக விரும்பிக் கடைப்பிடிக்கும் பண்பாட்டுக்கும் பாதுகாப்பு உண்டு, பள்ளி நியாயமான அளவுக்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும் என்றது நீதிமன்றம். அந்தக் குடும்பத்தின் பெயர் பிள்ளை (Pillay); 'பிள்ளை வழக்கு' என்றால் இங்கே எந்தத் தலைமையாசிரியருக்கும் தெரியும்.

அதற்காகத் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போக வேண்டியதில்லை. வழி சுலபம்: முன்கூட்டியே கடிதம். மூக்குக் குத்திய பிறகு எழுதுவதற்கும், குத்தப்போகிறோம் என்று எழுதுவதற்கும் பள்ளியின் முகத்தில் வித்தியாசம் தெரியும். யாருக்கு, என்ன, எந்த வழக்கப்படி, எந்தத் தேதியிலிருந்து என்று நாலு வரி போதும். தைப்பூசக் காவடிக்கு மொட்டை அடிப்பதற்கும் இதே நாலு வரிதான். தீபாவளி பொது விடுமுறை கிடையாது. ஆண்டுக் கடைசித் தேர்வுகள் நெருங்கும் நேரத்தில் வரும். அன்று தேர்வு இருக்கிறதா என்று டைம்டேபிள் வந்த அன்றே பாருங்கள்.

இன்னொன்று. புரட்டாசி மாதம் உங்கள் பிள்ளையிடம் வகுப்பில், "நீ ஃபாஸ்டிங்கா?" என்று கேட்பார்கள். இங்குள்ள தமிழர் பேச்சில் அதற்கு அசைவம் தொடாமல் இருக்கிறாயா என்று அர்த்தம். என் மகள், "இல்லையே, நான் காலையில இட்லி சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மூன்றாவது படி: 'லைஃப் ஓரியன்டேஷன்' பீரியடைக் குறைத்து நினைக்காதீர்கள்

ஊரில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார், திருப்பித் தரமாட்டார். அந்தப் பழக்கத்தோடு இங்கே டைம்டேபிளைப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். ஆறாம் வகுப்பு வரை 'லைஃப் ஸ்கில்ஸ்' என்று ஒரு பாடம். நான்கு முதல் ஆறு வரை அதற்கு வாரம் நான்கு மணி நேரம்: ஓவியம், பாட்டு, நாடகத்துக்கு ஒன்றரை மணி, உடற்பயிற்சிக்கு ஒரு மணி, மீதி ஒன்றரை மணி மனசு, உறவு, உடல்நலம். ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அதுவே 'லைஃப் ஓரியன்டேஷன்' ஆகிறது, வாரம் இரண்டு மணி. 'மெட்ரிக்' எனப்படும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கு அதுவும் கட்டாயப் பாடம்.

பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இந்த மார்க்கைச் சேர்க்கைப் புள்ளியில் எண்ணுவதில்லை. உடனே நம் ஆட்கள், "அப்ப எதுக்கு?" என்பார்கள். நானும் சொன்னேன். இந்தப் பாடத்தில்தான் சிகரெட்டை நீட்டும் நண்பனிடம் எப்படி மறுப்பது, யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டால் யாரிடம் சொல்வது, எச்.ஐ.வி. எப்படிப் பரவும், மெட்ரிக் முடித்து என்ன வேலைக்குப் போகலாம் என்பதெல்லாம் வருகிறது. பாலியல் கல்வியும் வரும். புத்தகத்தைப் புரட்டிவிட்டு முகம் சுளிக்காதீர்கள். பிள்ளை கேட்டால் வீட்டில் பதில் சொல்லத் தயாராக இருங்கள், அல்லது டீச்சர் சொன்னது சரி என்றாவது சொல்லுங்கள். பிற மதங்களைப் பற்றியும் படிப்பார்கள். என் மகன் ஈஸ்டரைப் பற்றியும் ரம்ஜானைப் பற்றியும் எழுதியிருந்த அதே பக்கத்தில் காவடிக்கு ஒரு படம் வரைந்திருந்தான். மயிலிறகு மட்டும் பச்சைத் தென்னை ஓலை மாதிரி இருந்தது.

தமிழுக்கும் இங்கே ஒரு இடம் உண்டு. நாட்டின் அரசியலமைப்பு 6-ஆம் பிரிவில், மதித்துப் பேண வேண்டிய சமூக மொழிகளின் பட்டியலில் தமிழின் பெயர் இருக்கிறது. பாடத்திட்டத்திலும் தமிழைக் கூடுதல் மொழியாக எடுக்க வழி இருக்கிறது. ஆனால் ஆசிரியர் இருக்கும் பள்ளிகள் குறைவு, பெரும்பாலும் டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில்தான். உங்கள் பள்ளியில் இல்லாவிட்டால் சனிக்கிழமை கோயில் வகுப்பு அல்லது தமிழ்ச் சங்கம்.

நான்காவது படி: மணி அடித்த பிறகு

இரண்டு மணி வாக்கில் வகுப்பு முடிந்ததும் பள்ளியின் மறுபாதி தொடங்குகிறது. 'எக்ஸ்ட்ரா-மியூரல்' என்பார்கள்: கிரிக்கெட், கால்பந்து, நெட்பால், நீச்சல், செஸ், பாட்டுக் குழு. ஜனவரி, பிப்ரவரியில் பல பள்ளிகளில் ஹவுஸ் வாரியாக ஓட்டப்பந்தயம் நடக்கும். ஒவ்வொரு பிள்ளையையும் சேர்ந்த அன்றே ஒரு ஹவுஸில் போட்டுவிடுவார்கள். அந்த நிறத்தில் ஒரு டி-ஷர்ட் வாங்க வேண்டும். இதை யாரும் சொல்ல மாட்டார்கள், எல்லாருக்கும் தெரியும் என்று நினைப்பார்கள்.

டியூஷனுக்காகப் பிள்ளையை இதிலிருந்து இழுத்துவிடாதீர்கள் என்பது என் கட்சி. புதிய ஊரில் வகுப்பறை என்பது மொழி தெரிந்தவனுக்கு வசதியான இடம். மைதானத்தில் பந்து வந்தால் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். என் மகனுக்கு இங்கே கிடைத்த முதல் சிநேகிதன் ஒரு சூலுப் பையன். முதல் ஒரு மாதம் இரண்டு பேரும் பேசிக்கொண்ட வார்த்தைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஒருவன் பந்து போடுவான், ஒருவன் அடிப்பான். மதியமெல்லாம் அதுதான்.

நடைமுறைச் சங்கடம் போக்குவரத்து. மூன்றரைக்குப் பயிற்சி முடியும். நீங்கள் வேலையில் இருப்பீர்கள். அதற்குத்தான் 'லிஃப்ட் கிளப்'. பக்கத்து வீட்டுப் பெற்றோர் மூன்று நான்கு பேர் சேர்ந்து முறை வைத்து ஏற்றி இறக்குவது, அல்லது மாதக் காசுக்கு ஒருவர் வேன் ஓட்டுவது. சேருமுன் ஓட்டுபவரின் உரிமம், எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறார், எல்லாருக்கும் சீட் பெல்ட் உண்டா என்று பாருங்கள். ஐந்தாறு பேர் உட்காரும் வண்டியில் பதினொரு பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். இன்னொரு வழி 'ஆஃப்டர்கேர்': மாலை ஐந்து ஐந்தரை வரை பள்ளியிலேயே வைத்து வீட்டுப்பாடம் செய்ய வைத்து அனுப்புவார்கள். தனிக் கட்டணம்.

'சிவ்வீஸ் டே' என்று ஒரு நாள் வரும். ஐந்து பத்து ராண்ட் கொடுத்துவிட்டு யூனிஃபார்ம் இல்லாமல் வீட்டு உடையில் போகலாம்; காசு நல்ல காரியத்துக்கு. குறிப்பு, பள்ளி ஆப்பிலோ ஹோம்வொர்க் டைரியிலோ முந்தின நாள் வந்திருக்கும். நான் பார்க்கவில்லை. நானூறு பிள்ளைகள் கலர் கலராக நிற்கும் மைதானத்தில் என் மகள் மட்டும் பின்னல், ரிப்பன், யூனிஃபார்ம். இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். செப்டம்பர் 24 பாரம்பரிய நாள் வரும்போது அதற்கு ஈடு கட்டிவிடலாம்: அந்த வாரம் பிள்ளைகள் அவரவர் பாரம்பரிய உடையில் வருவார்கள், பாவாடை சட்டைக்கு அங்கே பெரிய மதிப்பு.

ஐந்தாவது படி: எஸ்.என்.ஏ. படிவம் வந்தால் பயப்படாதீர்கள்

இதுதான் நான் சறுக்கிய இடம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சேர்ந்து ஆறு மாதமாகியும் என் மகள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. எழுத்தில் எல்லாம் சரி, ஆங்கிலமும் புரிகிறது. எழுந்து நின்று பேசச் சொன்னால் மட்டும் தரையைப் பார்ப்பாள். டீச்சர் ஒரு படிவத்தோடு என்னைக் கூப்பிட்டார். 'ஆதரவுத் தேவை மதிப்பீடு' என்று தலைப்பு, ஆங்கிலச் சுருக்கம் எஸ்.என்.ஏ. அதைப் பார்த்ததும் எனக்கு ஓடியது ஒரே எண்ணம்: என் பிள்ளையை மந்தம் என்று முத்திரை குத்தப் போகிறார்கள், இது ரெக்கார்டில் ஏறும், நாளைக்கு எந்தப் பள்ளியும் சேர்க்காது. "அவ வீட்ல நல்லாப் பேசுவா மேடம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். ஒரு டெர்ம் போனது.

எங்கள் கீழ் வீட்டு ஆன்ட்டி டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவர், ஓய்வு பெற்ற டீச்சர். அவருக்குத் தெரிந்த தமிழ் பண்டிகைப் பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்களும் இரண்டு மூன்று தேவாரமும்தான், மற்றதெல்லாம் ஆங்கிலம். அவரிடம் புலம்பினேன். அவர் என்னைத் திட்டவே செய்தார். "அந்தப் படிவம் உன் பிள்ளைக்கு இல்லை, டீச்சருக்கு வேலை வைப்பதற்கு. நீ கையெழுத்துப் போடாமல் டீச்சரைத்தான் காப்பாற்றியிருக்கிறாய்" என்றார்.

அவர் விளக்கியது இது. 2014-இல் வந்த 'எஸ்.ஐ.ஏ.எஸ்.' என்ற தேசியக் கொள்கைப்படி, ஒரு பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று டீச்சர் கவனித்து எழுதுவது எஸ்.என்.ஏ. 1. தான் என்னென்ன செய்து பார்த்தேன் என்றும் அதில் எழுத வேண்டும். அது போதவில்லை என்றால் பள்ளிக்குள் இருக்கும் ஆதரவுக் குழு, 'எஸ்.பி.எஸ்.டி.' என்பார்கள், கூடி ஒரு திட்டம் போடுவது எஸ்.என்.ஏ. 2. அதற்கும் மேலே உதவி வேண்டுமென்றால் மாவட்டக் குழுவுக்குப் போவது எஸ்.என்.ஏ. 3. ஒவ்வொரு கட்டத்திலும் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். எழுத்துக்கூட்டச் சிரமப்படும் பிள்ளை, காது சரியாகக் கேட்காத பிள்ளை, வீட்டில் துக்கம் நடந்து உடைந்துபோன பிள்ளை, எல்லாருக்கும் இதே வாசல்தான். தேர்வில் கூடுதல் நேரம், கேள்வியை வாசித்துச் சொல்ல ஒருவர், பதிலை எழுத ஒருவர் என்ற சலுகைகள் வேண்டுமென்றால் அதற்கான ஆதாரமும் இங்கேயிருந்து சேர்ந்து வர வேண்டும். மெட்ரிக் வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

கையெழுத்துப் போட்டேன். அவளுக்குச் செய்தது பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. முன் வரிசையில் மாற்றினார்கள். இடைவேளைக்கு ஒரு துணைப் பிள்ளை. வாய்மொழித் தேர்வை வகுப்பு முன்னால் வைக்காமல் டீச்சரின் மேஜைக்குப் பக்கத்தில், இரண்டு பேர் மட்டும். முதல் தடவை அவள் எங்கள் ஊர்த் தெப்பக்குளத்தைப் பற்றி ஒன்றரை நிமிஷம் பேசினாளாம். டீச்சர் டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்; குளத்துக்கு நடுவில் ஏன் மண்டபம் கட்டினார்கள் என்று எனக்கும் ஒரு கேள்வி கூடவே வந்தது.

நீங்களே கேட்கவும் செய்யலாம், டீச்சர் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டாம். "எஸ்.பி.எஸ்.டி.-யிடம் பேச வேண்டும்" என்று எழுத்தில், தேதியோடு கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள், மறந்துவிடுவார்கள்.

அரசுப் பள்ளிகளுக்கு நர்ஸ் வந்து கண், காது, பல் பார்ப்பதும் உண்டு. 2012-இலிருந்து சுகாதாரத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து நடத்துகின்றன. பெண் குழந்தைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை 2014 முதல் அரசுப் பள்ளியிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். சம்மதப் படிவம் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். தேடி எடுத்துக் கையெழுத்திடுங்கள்.

ஆறாவது படி: அடி, திட்டு, வேதனை

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று நம் அப்பாக்கள் வாத்தியாரிடம் சொன்னது வேடிக்கையாக இருக்கலாம். இங்கே விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லிவிடாதீர்கள். பள்ளியில் பிள்ளையை அடிப்பது 1996 பள்ளிச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி குற்றம். வீட்டிலும் அப்படித்தான்: 'கண்டிப்பதற்காக நியாயமாக அடித்தேன்' என்ற சாக்கு செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. பிள்ளையின் உடம்பில் காயம் கண்டு சந்தேகப்பட்டால் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று ஆசிரியருக்குச் சட்டக் கடமையே இருக்கிறது. அப்படி ஒருவர் உங்களிடம் கேட்டால் கோபப்படாதீர்கள், அது அவர் வேலை.

எதிர்ப்பக்கமும் உண்டு. டீச்சர் அடித்ததாகவோ, சக பிள்ளைகள் நிறத்தையோ உச்சரிப்பையோ சொல்லிக் கேலி செய்வதாகவோ பிள்ளை சொன்னால், தேதி, இடம், யார் பார்த்தார்கள் என்று எழுதி முதலில் வகுப்பு ஆசிரியர், பிறகு தலைமையாசிரியர், பிறகு பள்ளி ஆட்சிக் குழு, அதற்கும் மேலே மாவட்ட அலுவலகம். பிள்ளையே பேச விரும்பினால் சைல்ட்லைன் எண் 116, கட்டணம் இல்லை. பதின்ம வயதுப் பிள்ளை உயிர் வாழ்வதே வேண்டாம் என்பது போலப் பேசினால் 0800 567 567 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். இரண்டையும் ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். யாருக்காக என்று சொல்ல வேண்டாம், ஒட்டினால் போதும்.

ஏழாவது படி: காசு இல்லாத மாதம்

கட்டணப் பள்ளியில் சேர்த்துவிட்டு நடுவில் வேலை போய்விட்டால், முதலில் நம்மவர்கள் செய்வது பிள்ளையை எல்லாவற்றிலிருந்தும் விலக்குவது: டூர் வேண்டாம், நீச்சல் வேண்டாம், வெளியே தெரிந்தால் அவமானம். வேண்டாம். கட்டண விலக்குப் படிவத்தை அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டு பெற்றோரின் ஆண்டு மொத்த வருமானத்தில் கட்டணம் 10 விழுக்காடோ அதற்கு மேலோ ஆனால் முழு விலக்கு. 2-க்கும் 10-க்கும் இடையில் என்றால் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பகுதி விலக்கு. வருமானம் 2,40,000 ராண்ட், கட்டணம் 25,000 ராண்ட் என்றால் முழு விலக்குக்குள் வந்துவிடுகிறது. மறுத்தால் 30 நாளுக்குள் மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்கு மேல்முறையீடு செய்யலாம்.

விலக்குக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒன்று உறுதி. கட்டணம் பாக்கி என்பதற்காக அரசுப் பள்ளி உங்கள் பிள்ளையை வகுப்பிலிருந்து வெளியே நிறுத்த முடியாது. விளையாட்டு, கலை நிகழ்ச்சிகளிலிருந்து ஒதுக்க முடியாது. ரிப்போர்ட்டைப் பிடித்து வைக்க முடியாது. பள்ளிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு இவை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. என் சிநேகிதியின் பையனுக்கு ஒரு பள்ளியில் ரிப்போர்ட் தர மறுத்தார்கள். அவள் பிரிவு எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினாள், மறுநாள் கொடுத்துவிட்டார்கள்.

சாப்பாடு: 1994-இல் மண்டேலா அரசு தொடங்கிய பள்ளி உணவுத் திட்டம் கட்டணமில்லாப் பள்ளிகளில் நடக்கிறது. நம் சத்துணவைப் போலத்தான். மக்காச்சோளக் களி, பீன்ஸ், சோயா, சில நாள் டப்பா மீன். பிள்ளை சைவம் என்றால் முதல் நாளே வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிடுங்கள்.

எட்டாவது படி: ஆட்சிக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள்

ஊரில் பெற்றோர் ஆசிரியர் கழகம் என்றால் நன்கொடை கேட்கப் போகிறார்கள் என்று பொருள். இங்குள்ள பள்ளி ஆட்சிக் குழு, 'எஸ்.ஜி.பி.', வேறு ரகம். பள்ளிக் கட்டணம், சீருடை, நடத்தை விதி, மதச் சடங்கு பற்றிய கொள்கை, கூடுதல் ஆசிரியர் நியமனம் எல்லாம் அந்த மேஜையில்தான் பேசப்படுகிறது. வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் மற்ற எல்லாரையும் கூட்டினாலும் பெற்றோர் ஒருவராவது அதிகம் இருக்க வேண்டும் என்பது சட்டம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல். 2021, 2024 என்று நடந்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பிலும் அதற்கு மேலும் உள்ள மாணவர் பிரதிநிதிகளும் அதில் உட்காருகிறார்கள்.

இந்த வழக்கத்துக்கு இங்கே நம்மவர் பக்கம் ஒரு நீண்ட கதை இருக்கிறது. 1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளுக்கு அரசு போதிய பள்ளி கட்டித் தரவில்லை. சமூகம் பாதிப் பணம் திரட்டினால் அரசு மீதியைத் தரும் என்ற கணக்கில், சீட்டும் நன்கொடையுமாகச் சேர்த்து நட்டாலில் பள்ளி பள்ளியாகக் கட்டினார்கள். கீழ் வீட்டு ஆன்ட்டி படித்ததும் அப்படி ஒரு பள்ளியில்தான். அதனால் இங்கே பெற்றோர் பள்ளிக்குள் வந்து கேள்வி கேட்பதை யாரும் தலையீடாக நினைப்பதில்லை. வராவிட்டால்தான் அக்கறையில்லை என்று நினைக்கிறார்கள்.

கூட்டம் பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கு. கையில் உங்கள் கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள், ஒரே ஒரு கேள்வி போதும். என்னுடைய முதல் கேள்வி வாந்தி வந்த பிள்ளையை உட்கார வைக்க ஒரு அறை இருக்கிறதா என்பதுதான். இல்லை என்று தெரிந்து, அடுத்த டெர்மில் ஸ்டோர் ரூமைக் காலி செய்து ஒரு கட்டில் போட்டார்கள். முடிந்ததும் டீ இருக்கும், சமோசா இருக்கும். அடுத்த கூட்டத்துக்கு யார் கொண்டுவருவது என்று கேட்பார்கள். கையைத் தூக்கிவிடுங்கள், பத்து பேரோடு அறிமுகம் ஆகிவிடும். லிஃப்ட் கிளப்பில் இடம் இருப்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.